இது நல்ல பாம்பு இல்லை

1

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் தபால் பெட்டியில் ஓர் அரசாங்கக் கடிதம் கிடந்தது. வன உயிர்களுக்குப் பொறுப்பான காரியாலயம் அனுப்பியது. 'நல்லா' என்ற பெயருடைய மலைப்பாம்பு இன்னும் இந்த விலாசத்தில்தான் இருக்கிறதா, அதன் உடல்நிலை எப்படி, அனுமதிப் பத்திரத்தை இன்னொரு வருடத்துக்கு நீடிக்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள்.

நாங்கள் சிட்னிக்கு வந்து ஐந்து வருடமாகிறது. இந்த ஐந்து வருடத்தில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய அரசாங்கக் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. சிவகுருநாதன் என்ற பெயரை இவர்கள் மூன்றாக வெட்டி, சில நாள் மிஸ்டர் சிவா என்றும் சில நாள் மிஸ்டர் குரு என்றும், ஒரு தடவை மிஸஸ் நாதன் என்றும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெயர் பிழைக்காமல் தபால் பெறுகிற ஒரே ஜீவன் பாம்புதான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம். விஷமில்லாத பாம்பு. இரண்டு முழ நீளம், என் பெருவிரலைவிடக் கொஞ்சம் மொத்தம், செம்மண் நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில், ரிவிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது. இந்த நாட்டில் பாம்பை அடித்தால் வழக்கு, வளர்த்தால் விண்ணப்பம். இரண்டாவதில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

2

எல்லாம் என் கையெழுத்தால் வந்த வினை. இலங்கையில் பதினொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். ஒரு தாளில் புள்ளிக்கோடு போட்ட இடத்தைக் கண்டால் என் கை சும்மா இராது.

எங்கள் ஒரே மகள் மதிவதனிக்கு அப்போது பத்து வயது. நாங்கள் மதி என்போம். பள்ளிக்கூடத்தில் அது 'மடி' ஆகிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்து நாள் முழுக்க 'மடி, மடி' என்று ஊரார் சொன்னால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? என் மனைவி பூமணி பள்ளிக்கூட வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகத் திருத்திப் பார்த்தாள். கடைசியில் மதியே வந்து, அம்மா இனிமேல் வாசலுக்கு வரத் தேவையில்லை, தெரு மூலையில் நின்றால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த நாட்களில் அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம்; பதில் ஆங்கிலத்தில் வரும். "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றால் "யா" என்று ஒரு சத்தம். அது ஆமென்றா இல்லையென்றா என்று பூமணி என்னிடம் வந்து விசாரிப்பாள். எனக்கு அது உள்ளுக்குள் குத்தியது. பூமணிக்கு இன்னும் அதிகமாகக் குத்தியது. இருவரும் அதைப் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு வேலையைப் பார்த்தோம்.

முதலாம் தவணை முடிகிற நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. மதியின் ரீச்சர் பேர்த்துக்கு மாற்றலாகிப் போகிறார். வகுப்பில் வைத்திருக்கும் 'சில்ட்ரன்ஸ் பைதன்' ஒன்றுக்கு நல்ல வீடு தேவை. மதி மிகவும் ஆசைப்படுகிறாள். சம்மதமானால் கீழே கையெழுத்திடவும்.

சில்ட்ரன்ஸ் ஹொஸ்பிற்றல் பார்த்திருக்கிறேன், சில்ட்ரன்ஸ் லைப்ரரி பார்த்திருக்கிறேன். இருமலுக்குக்கூட சில்ட்ரன்ஸ் மருந்து என்று தனியாக விற்கிறார்கள். ஆகவே இது சிறுவர்களுக்கான பாம்பு. ரப்பரில் செய்ததாக இருக்கும், சிலவேளை துணியில் தைத்து உள்ளே பஞ்சு வைத்ததாக இருக்கும் என்று முடிவு செய்தேன். முழுக் கையெழுத்தும் போட்டு, பழக்கதோஷத்தில் அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரீச்சரின் கார் வந்து நின்றது. ரீச்சரும் மதியுமாகக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே பஞ்சுப் பாம்பு நாக்கை நீட்டியது. 'சில்ட்ரன்ஸ்' என்பது அந்த இனத்தின் பெயராம். யாரோ ஒரு துரையின் ஞாபகமாக வைத்ததாம். குழந்தைகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். இதை ரீச்சர் சொல்லி முடிக்கும்போது பூமணி கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சைன் பண்ணி வேண்டியிருக்கிறியள்," என்றாள்.

மதி தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. பூமணியும் அதைப் பார்த்தாள். அகப்பையோடு திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

3

ரீச்சர் ஒரு தாளில் பராமரிப்பு விதிகள் எழுதித் தந்திருந்தார். தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்க வேண்டும். தோல் கழற்றும் நாட்களில் தொடக்கூடாது. பத்து நாளுக்கு ஓர் எலி.

சூட்டுக்காகத் தொட்டியின் மேல் ஒரு மின்குமிழ் கட்டினேன். குளிர்காலம் தொடங்கியதும் அறையிலிருந்த ஒரே ஹீற்றரையும் அதன் பக்கம் திருப்பி வைத்தேன். பூமணி மூன்று ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நாலு வரியமாக் குசினிக்கு ஒரு ஹீற்றர் கேக்கிறன். அவர் வந்து ஒரு கிழமை ஆகேல்லை, லைற் என்ன, ஹீற்றர் என்ன!"

'அவர்' என்று சொன்னதைக் கவனியுங்கள். பாம்பை 'அது' என்று சொல்ல அவளுக்குப் பயம். அவளுடைய ஊர் நாகதம்பிரான் கோயிலுக்குப் பக்கத்து ஊர். என்னைக்கூடக் கோபம் வந்தால் மரியாதை குறைத்துப் பேசுவாள், பாம்பைப் பேசமாட்டாள்.

எலிக்கு லெஸ் உதவினார். லெஸ் என்னோடு வேலை செய்கிறவர். கெல்லிவில்லில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. தீவனக் கொட்டிலில் பொறி வைத்துப் பிடித்து, பிஸ்கற் ரின்னில் போட்டுக் கந்தோருக்கே கொண்டுவந்து தருவார். ரெயினில் எல்லாரும் மடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி வைத்திருக்க, நான் சுரண்டுகிற ரின்னை வைத்துக்கொண்டு பத்திரிகை வாசிப்பேன்.

பூமணிக்கு அடுத்த சிக்கல் வந்தது. எலி பிள்ளையாரின் வாகனம். பாம்பு சிவபெருமானின் கழுத்தில் கிடப்பது. ஒன்றை மற்றதுக்குத் தின்னக் கொடுக்கலாமா? "அது அவையின்ர குடும்ப விஷயம், நாங்கள் தலையிடக்கூடாது," என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் கொடுப்பதில்லை என்ற நிபந்தனையில் விட்டுக்கொடுத்தாள்.

முதல் எலியைப் பாம்பு மரியாதையாகச் சாப்பிட்டது. பிறகு செய்தி பரவியது. அப்போது மேற்கு சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அந்த பஸ் முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் இறங்கியது. கண்ணாடியில் தட்டினார்கள், விசிலடித்தார்கள், வடை சாப்பிட்டார்கள். மெரிலேண்ட்ஸ் ராசாத்தி அக்கா கதிரையைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப்போட்டு இருந்து பார்த்தார்.

"என்ன மினுக்கம்! நல்லாச் சாப்பிடுதோ?"

எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் கேட்டால், "எங்க, ஒண்டும் சாப்பிடுறதில்லை," என்றுதான் தாய்மார் சொல்வார்கள். பிள்ளை மூன்று கோப்பை சோறு தின்றுவிட்டுப் பக்கத்தில் நின்றாலும் அதுதான் பதில். எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் பெருமையில், "ஓம் அக்கா, ஒரு முழு எலி!" என்று சொல்லிவிட்டேன். பூமணி என்னைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த வடை ஆறிவிட்டது.

அடுத்த எலியைப் பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கடுத்ததையும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு கிடந்தது. மதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால் இருந்துவிடுவாள். நாங்களும் போகவர எட்டிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க அது இன்னும் சுருண்டது.

4

அந்த நேரம் பார்த்துத்தான் அதிகாரி வந்தார். அவரை வரவழைத்ததும் நானே. அனுமதியில்லாமல் உள்ளூர்ப் பாம்பு வைத்திருக்கக்கூடாது என்று எங்கோ வாசித்தேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள், பேசாமல் இரு என்று லெஸ் சொன்னார். பதினொரு வருடக் கிளாக்கர் பேசாமல் இருப்பானா? நானே கடிதம் எழுதினேன், இரண்டு பிரதிகளில்.

மிஸ்டர் பாக்ஸ்டர் என்பவர் வந்தார். அரைக் காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கையில் ஒரு பலகையில் செருகிய படிவம். தொட்டியைப் பார்த்தார். பாம்பு மெலிந்திருக்கிறது என்றார். நான் எங்கள் பத்திரங்களைக் காட்டினால் காரியம் இலகுவாகும் என்று நினைத்து, கடவுச்சீட்டு, கலியாண எழுத்து, அம்மைப்பால் குத்திய அட்டை எல்லாம் இருந்த கோவையைத் தேடி உள்ளே போனேன். நான் போயிருக்கக்கூடாது.

முன்னறையில் நடந்ததைப் பிறகு அவரிடமும் பூமணியிடமும் கேட்டுப் பொருத்திச் சொல்கிறேன். மிஸ்டர் பாக்ஸ்டர் பூமணியிடம் சிரித்துக்கொண்டு, இது நல்ல பாம்பா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். சாதுவானதா, கடிக்காமல் இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி. பூமணியின் காதில் விழுந்தது 'குட் ஸ்னேக்'. குட் என்றால் நல்ல. ஸ்னேக் என்றால் பாம்பு. எங்களுக்கு நல்ல பாம்பு என்றால் ஒன்றே ஒன்றுதான்: படமெடுக்கிற நாகம். இந்த மனுசன் எங்கள் வீட்டில் நாகம் வளர்க்கிறோம் என்று நினைக்கிறாரே என்று அவள் பதறிப்போனாள்.

"நோ, நோ, சேர்! நொட் குட் ஸ்னேக்!"

அவர் புருவத்தை உயர்த்தியிருக்கிறார். அவருக்கு விளங்கவில்லை என்று பூமணி இன்னும் விளக்கினாள்.

"குட் ஸ்னேக் வெரி டேஞ்சர். வன் பைற், மான் ஃபினிஷ். திஸ் வன் நெவர் குட். யூ டோன்ற் வொறி."

நான் கோவையோடு வந்தபோது மிஸ்டர் பாக்ஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். பாம்பு சாப்பிடுவதில்லை. வீட்டுப் பெண்மணி பாம்புக்குப் பயப்படுகிறார், அது நல்லதல்ல என்கிறார். மூன்று கிழமையில் திரும்பி வருவேன், இப்படியே இருந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டி வரும் என்றார். நான் கேற் வரை பின்னால் போய், ஐயா, தமிழில் நல்ல பாம்பு என்றால் நாகபாம்பு என்று விளக்கினேன். மனைவி சொன்னதற்குச் சமாதானம் சொல்லும் கணவர்களை நிறையப் பார்த்தவர்போலத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

உள்ளே மதி அழுதுகொண்டிருந்தாள். அம்மா வேண்டுமென்றே சொன்னாள், அம்மாவுக்கு இது போகவேண்டும், முதல் நாளிலிருந்தே வெறுப்பு என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள்.

"நான் என்ன பிள்ளை சொன்னனான்? அவருக்காகத்தானே கதைச்சனான்! நல்ல பாம்பில்லையெண்டுதானே சொன்னனான்!"

"யூ ஸெட் இற் அகெய்ன்!" என்று கத்திவிட்டு மதி அறைக்கதவைச் சாத்தினாள்.

மதிக்கு அந்தச் சொல் தெரியாது. பத்து வயதுத் தமிழ்ப்பிள்ளைக்கு நல்ல பாம்பு என்றால் என்னவென்று தெரியாது. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். கொல்லுகிற பாம்பை யாராவது நல்லது என்பார்களா என்று உள்ளிருந்து கேட்டாள். நியாயமான கேள்விதான். நாற்பது வருடமாகத் தமிழ் பேசுகிறேன், அதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

"பயத்திலதான் பிள்ளை," என்றேன். "நல்லவர் எண்டு சொன்னா அவர் கோவிக்கமாட்டார்."

கதவு திறக்கவில்லை.

5

அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர் சாப்பிடவில்லை. பாம்பு எலியைத் தொடவில்லை. மதி தாயின் சோற்றைத் தொடவில்லை; தானே பாணில் எதையோ பூசித் தின்றுவிட்டு அறைக்குள் போய்விடுவாள். தாயோடு ஒரு வார்த்தை இல்லை, ஆங்கிலத்தில்கூட.

பூமணியால் வேறு எதையும் தாங்க முடியும். அவள் வீட்டுக்குள் ஒரு சீவன் சாப்பிடாமல் கிடப்பதைத் தாங்கமாட்டாள். அது மகளாக இருந்தாலும் சரி, அவராக இருந்தாலும் சரி. பதினைந்து நாள் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, முதன்முறையாகத் தொட்டிக்கு நேர் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். பாம்பைக் கனநேரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நாலு பக்கமும் கண்ணாடி. போறவன் வாறவனெல்லாம் வாயைப் பாத்துக்கொண்டு நிண்டா ஆர்தான் சாப்பிடுவினம்? அண்டைக்கு ராசாத்தியக்கா வந்து மினுக்கம் எண்டா. நீங்களும் முழு எலி எண்டியள். கண்பட்டுப்போச்சு."

பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. தன் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றி மூடினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வழியில் விளிம்பு உடைந்துபோன மண்சட்டி ஒன்று, எறிய மனமில்லாமல் குசினிக்குள் கிடந்தது. அதைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். பாம்பு மெல்ல வந்து, உடைந்த விளிம்பால் உள்ளே நுழைந்து மறைந்தது.

அடுத்தது கண்ணூறு கழிப்பு. செத்தல் மிளகாயும் உப்பும் வீட்டில் இருந்தன. முச்சந்தி மண்ணுக்கு என்னை அனுப்பினாள். பென்டில் ஹில் ஸ்ரேசனுக்குப் போகிற வழியில் மூன்று தெரு சந்திக்கும் இடத்தில், தார் போட்ட தெருவில் மண் தேடிக் குந்தியிருந்தேன். அடுத்த வீட்டு டல்சி, நாயோடு வந்தவர், ஏதும் தொலைந்துவிட்டதா என்று அன்பாக விசாரித்தார். பாம்புக்கு மருந்து என்றேன். அவர் நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மண்ணோடு நான் வந்தபோது மதி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வா," என்றாள் பூமணி. "அவருக்குப் பக்கத்தில இரு."

என்ன நினைத்தாளோ, மதி வந்து தரையில் இருந்தாள். பூமணி மிளகாயும் உப்பும் மண்ணும் பொத்திய கையால் பிள்ளையையும் தொட்டியையும் சேர்த்து மூன்று தரம் சுற்றினாள். ஊர்க்கண், உறவுக்கண், மெரிலேண்ட்ஸ் கண் எல்லாம் போக என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பிறகு பின்வளவுக்குப் போய், குப்பை எரிக்கிற இரும்புப் பீப்பாவின் நெருப்பில் போட்டாள். மிளகாய் நெடி எங்களுக்கு வரவில்லை. காற்று அதை வேலிக்கு அப்பால் கொண்டுபோனது. டல்சியும் நாயும் முறை வைத்து இருமினார்கள்.

"பாத்தியளே, எங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை," என்றாள் பூமணி. "அவ்வளவு பொல்லாத கண்."

பின்னேரம் சட்டிக்குப் பக்கத்தில் எலியை வைத்து, சேலையின் நாலாவது பக்கத்தையும் இழுத்து மூடினோம். ஒருவரும் பார்க்கக்கூடாது என்பது பூமணியின் உத்தரவு. ரிவியைக்கூடப் போட விடவில்லை.

மறுநாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு கூச்சல்.

"அம்மா! அம்மா! சாப்பிட்டிட்டுது! ஓடி வாங்கோ!"

பூமணி குசினியிலிருந்து ஓடினாள், நான் பாதிச் சவரத்தோடு ஓடினேன். சட்டிக்கு வெளியே கொஞ்சம் உடம்பு தெரிந்தது. நடுவில் ஒரு வீக்கம். மதி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் கத்தியது தமிழில் என்பது அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. "பாத்தீரே, பிள்ளை தமிழில..." என்று தொடங்கினேன். பூமணி என் காலில் ஓங்கி மிதித்தாள்.

"வாயை மூடுங்கோ," என்றாள் குசுகுசுவென்று. "சொன்னாக் கண்படும்."

அன்று மத்தியானம் மதி சோறு கேட்டாள். பூமணி கறியோடு மூன்று தரம் போட்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

6

மிஸ்டர் பாக்ஸ்டர் சொன்ன நாளில் வந்தார். சேலையை விலக்கினார், சட்டியைக் கண்டார். பாம்புக்கு ஒளிந்திருக்க இடம் வேண்டும், பார்வை படாமல் இருந்தால்தான் சாப்பிடும் என்று உங்களுக்கு எந்தப் புத்தகம் சொன்னது என்று கேட்டார். இதைத் தெரியாமல்தான் பலர் பாம்பைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள் என்றார். பூமணி பெருமையை மறைக்க முடியாமல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டாள்.

படிவத்தைப் புரட்டிப் பழைய குறிப்பைப் பார்த்தார். வீட்டுப் பெண்மணியின் பயம் இப்போது எப்படி என்றார். நான் வாயெடுக்குமுன் மதி முன்னால் வந்தாள்.

அம்மா பயப்படவில்லை என்று ஆங்கிலத்தில், ரீச்சர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எங்கள் பாஷையில் கோப்ராவுக்கு 'நல்ல பாம்பு' என்று பேர். நல்ல என்றால் குட். நீங்கள் கேட்டபோது, இது அதில்லை, இது ஆபத்தில்லாதது என்றுதான் அம்மா சொன்னார். நல்ல பாம்பு என்பதை இரண்டு தரம் தமிழில் சொல்லிக் காட்டினாள். மிஸ்டர் பாக்ஸ்டர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் 'ல்ல' பட்ட பாட்டைப் பார்த்து மதி, நாக்கை எங்கே வைப்பதென்று காட்டிக் கொடுத்தாள்.

ஆளைக் கொல்லுவதை ஏன் நல்லது என்கிறீர்கள் என்று அவரும் கேட்டார்.

"அப்படிச் சொன்னால் அவர் கோவிக்கமாட்டார்," என்றாள் மதி. கதவுக்கு வெளியே நின்று நான் சொன்னது உள்ளே கேட்டுத்தான் இருந்திருக்கிறது.

மிஸ்டர் பாக்ஸ்டர் கொஞ்சம் யோசித்தார். எங்கள் டைரக்டரோடும் நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். படிவத்தில் பெயர் என்ற இடத்தில் பள்ளிக்கூடம் வைத்த 'ரோஜர்' இருந்தது. மதி சொன்ன புதுப்பெயருக்காக அதை வெட்டிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக அவளைக் கேட்டு 'நல்லா' என்று எழுதினார். பிழையில்லாமல் எழுதினார் என்பதை ஏற்கெனவே சொன்னேன்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. செவ்வாய்க்கிழமை வந்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். உடல்நிலை என்ற இடத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதப்போனேன். பூமணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பேனையைப் பிடுங்கிவிட்டாள். பெரிய விவாதத்துக்குப் பிறகு 'பரவாயில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்தக் கட்டுரையையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஊரில் எத்தனை பேர் கண்ணில் படப்போகிறது, உள்ளதை உள்ளபடி எழுதாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே, வாசகர்களே, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பாம்பு அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. நன்றாக மெலிந்துபோய்த்தான் இருக்கிறது. எங்கள் மதியும் அப்படித்தான். தமிழ் ஒரு சொல்லும் கதைப்பதில்லை.